பதிவு செய்துவிட்டால் மரபறிவு பிழைத்துவிடுமா?

கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பழங்குடிப் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். மூலிகை, விதை, மழை, மிருகம் என்று அவர்கள் தெரிந்துவைத்திருந்ததும் கூடவே போய்விடுகிறது. அதையெல்லாம் வீடியோவாகவும் எழுத்தாகவும் எடுத்து ஒரு தரவுத்தளத்தில் போட்டுவிட்டால் வேலை முடிந்ததே, நிலத்தின் மேல் உரிமையையும் ஏன் சேர்த்துக் கேட்கிறார்கள்? இது முதல் கேள்வி. உலகின் பல்லுயிரில் 80 சதவீதம் பழங்குடி மக்களின் காவலில்தான் இருக்கிறது என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்களே, அது நிஜமா? இது இரண்டாவது.

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். அந்த 80 சதவீதத்துக்கு ஆதாரம் இல்லை. 2024 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வாளர் குழு, பழங்குடி ஆய்வாளர்களும் அதில் உண்டு, இந்த எண்ணின் வேரைத் தேடிப் போனது. கடைசியில் அதன் அடியில் எந்த ஆய்வும் இல்லை என்று கண்டது. ஒரு அறிக்கையைப் பார்த்து இன்னொரு அறிக்கை எழுதிக்கொண்டே வந்திருக்கிறது, அவ்வளவுதான். பல்லுயிர் என்பது படியில் அளந்து 'இதில் இவ்வளவு பங்கு' என்று சொல்லக்கூடிய சமாசாரமும் இல்லை.

அதனால் விஷயமே பொய் என்று போய்விட வேண்டாம். 2018-இல் வந்த ஒரு உலகளாவிய கணக்கு ஓரளவு உறுதியானது. பழங்குடி மக்கள் நிர்வகிக்கும் அல்லது உரிமை கொண்டுள்ள நிலம் 87 நாடுகளில் குறைந்தது 3.8 கோடி சதுர கிலோமீட்டர், அதாவது உலக நிலப்பரப்பில் கால் பங்குக்கும் மேல் என்றது அது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளையும் அதிகம் சிதையாத இயற்கைப் பரப்புகளையும் எடுத்துக்கொண்டால் சுமார் 40 சதவீதம் இந்த நிலங்களோடு சேர்ந்தே வருகிறது. பிரேசிலில் 'மாப்பயோமாஸ்' என்ற செயற்கைக்கோள் வரைபடத் திட்டம் எடுத்த கணக்கு இன்னும் பளிச்சென்று இருக்கும். 1990 முதல் 2020 வரை தனியார் நிலங்கள் தங்கள் இயற்கைத் தாவரப் பரப்பில் 20.6 சதவீதத்தை இழந்தன. பழங்குடி நிலங்கள் இழந்தது 1 சதவீதம். இவ்வளவு நல்ல எண்கள் கையில் இருக்கும்போது இல்லாத 80-ஐ ஏன் பிடித்துத் தொங்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். வடக்கு ஆஸ்திரேலியாவில், ஆர்னெம் லேண்ட் என்ற பகுதியின் மேற்குப் பக்கம் ஒரு பெரிய பாறை மேட்டுநிலம் இருக்கிறது. அங்கே வாழ்ந்த குலங்கள் காலங்காலமாகத் தீ வைத்தே காட்டைப் பார்த்துக்கொண்டவர்கள். கேட்டால் விசித்திரமாகத்தான் இருக்கும். மழைக்காலம் முடிந்து புல் அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது, நடந்துகொண்டே அங்கங்கே பற்றவைப்பார்கள். அடியில் இன்னும் ஈரம் இருக்கும். தீ முழங்கால் உயரத்தில் மெதுவாக நகரும், மரத்தின் உச்சிக்கு ஏறாது. இரவில் பனி இறங்கியதும் தானே அணைந்துவிடும். மறுநாள் பார்த்தால் ஒரு திட்டு கருகியும் அடுத்த திட்டு பச்சையாகவும் கிடக்கும். பின்னால் கோடையின் உச்சியில் மின்னல் விழுந்து பெருந்தீ கிளம்பினாலும், ஏற்கெனவே எரிந்த திட்டுகளில் முட்டி நின்றுவிடும்.

இருபதாம் நூற்றாண்டில் அந்த மக்கள் மேட்டைவிட்டு கிறிஸ்தவ மிஷன்களுக்கும் குடியேற்றங்களுக்கும் நகர்ந்தார்கள். நிலம் ஆளில்லாமல் கிடந்தது. ஆளில்லாத காடு செழிக்கும் என்றுதானே பொதுவாக நினைப்போம்? நடந்தது நேர்மாறு. புல் வருடக்கணக்கில் மண்டி, கோடையின் கடைசியில் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டரை ஒரே மூச்சில் தின்னும் தீக்கள் வந்தன. கடுந்தீயைத் தாங்காத சைப்ரஸ் பைன் மரங்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து நின்றன. பர்டாயல் நாஜமெரெக் போன்ற மூத்தவர்கள் திரும்பிப் போய்த்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். விஞ்ஞானிகளும் கூடச் சேர்ந்தார்கள். 2006-இல் 28,000 சதுர கிலோமீட்டரில் முறையான தீ மேலாண்மைத் திட்டம் தொடங்கியது. டார்வினில் இருந்த ஒரு திரவ எரிவாயு ஆலை, தன் கார்பன் உமிழ்வுக்கு ஈடாக 17 ஆண்டுகளுக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் அளவில் பசுமைக்குடில் வாயு வெளியேற்றம் குறைந்தது.

இப்போது உங்கள் கேள்வியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தத் தீ அறிவை முழுக்கப் பதிவு செய்து ஒரு வன்வட்டில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'அரைகுறையாகக் காய்ந்த புல்' என்று எழுதிவிடலாம். எவ்வளவு காய்ந்தால் அரைகுறை என்பது இந்த வருட மழையைப் பொறுத்தது, இந்தப் பள்ளத்தைப் பொறுத்தது, இன்று காலை எந்தப் பக்கம் காற்று அடித்தது என்பதைப் பொறுத்தது. அது புல்லைக் கையில் கசக்கிப் பார்க்கிறவரிடம் இருக்கிறது. அந்தப் புல்லைக் கசக்க அவருக்கு அங்கே போகவும், பற்றவைக்கவும் உரிமை வேண்டும். அந்த உரிமை இல்லாத இடத்தில் அதே காரியத்துக்குப் பெயர் குற்றம். பல நாடுகளின் வனச் சட்டங்களில் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது.

அறிவுக்கும் நிலத்துக்கும் உள்ள இந்த ஒட்டுறவு நீதிமன்றத்தில் ஏறும்போது இன்னும் சுவாரசியமாகிறது. கனடாவில் கிட்க்சான், வெட்சுவெட்டென் என்ற இரு மக்கள் சேர்ந்து 58,000 சதுர கிலோமீட்டர் நிலம் தங்களுடையது என்று வழக்குப் போட்டார்கள். 'டெல்கமூக்' வழக்கு என்பார்கள். அவர்களிடம் பட்டா கிடையாது. கிட்க்சான் மக்களிடம் இருந்தது 'அடாவ்க்', அதாவது ஒவ்வொரு குலமும் எந்த மலையில் எப்படி வந்து குடியேறியது, எந்த ஆறு யாருடையது என்று தலைமுறைகளாகச் சொல்லிவரும் கதையும் பாட்டும். மேரி ஜான்சன் என்ற மூதாட்டி சாட்சிக் கூண்டில் நின்று, தன் குலத்தின் அடாவ்க்கில் வரும் துக்கப் பாட்டைப் பாட வேண்டும் என்றார். நீதிபதிக்கு நெளிந்தது. தன்னுடையது பாட்டு ஏறாத காது, பாடி ஒரு பிரயோஜனமும் இல்லை என்றார். அந்தம்மா பாடினார். 1991-இல் வந்த தீர்ப்பில் அந்த நீதிபதி அடாவ்க்குக்குத் தனி மதிப்பு ஏதும் தரவில்லை, வழக்கு தோற்றது.

1997-இல் கனடா உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. எழுத்தே இல்லாத மக்களிடம் எழுத்துச் சான்று கேட்டால் அவர்கள் ஒருபோதும் ஜெயிக்க முடியாது. ஆகவே வாய்மொழி வரலாற்றை ஆவணச் சான்றுக்குச் சமமாக வைத்துப் பார்க்க வேண்டும் என்றது. ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பலரும் தவறாக எழுதுகிறார்கள். அந்தத் தீர்ப்பு நிலத்தை அவர்களிடம் எடுத்துக் கொடுக்கவில்லை, புது விசாரணை வேண்டும் என்றுதான் சொன்னது.

அதே 1997-இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் சாண்டி பாலைவனத்து மக்கள் வேறொரு வழி கண்டார்கள். பழங்குடி நில உரிமைத் தீர்ப்பாயத்துக்குத் தங்கள் நிலத்தை ஆங்கிலத்தில் விளக்க அவர்களுக்கு வரவில்லை. 8 மீட்டருக்கு 10 மீட்டர் துணியை விரித்து, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்து வரைந்தார்கள். அவரவர் ஊற்றை, அவரவர் மணல்மேட்டை அவரவரே வரைந்தார்கள். பிறகு தீர்ப்பாயத்தின் முன் அதை விரித்து, ஒவ்வொருவராகத் தங்கள் இடத்தின் மேல் ஏறி நின்று, தங்கள் மொழியில் பேசினார்கள். 2007-இல் அந்த மக்களின் உரிமை ஏற்கப்பட்டது. இதில் எனக்குப் பிடித்தது ஓவியத்தின் அழகைவிட, ஒருவர் இடத்தை இன்னொருவர் வரையவில்லை என்ற சங்கதி. ஊரில் எல்லாருக்கும் எல்லாமே தெரிந்திருக்கலாம். ஆனால் சொல்லும் உரிமை எல்லாருக்கும் கிடையாது. வெளியிலிருந்து போகிறவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

தென்கோடி மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் காணிக்காரர் என்ற பழங்குடியினரின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1987-இல் அகத்தியமலைக் காட்டில் ஒரு விஞ்ஞானிகள் குழு காணிக்காரர் சிலரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு ஏறியது. விஞ்ஞானிகளுக்கு நாக்குத் தள்ளியது, வழிகாட்டிகளோ ஏதோ ஒரு கறுப்புக் காயை மென்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். இவர்களுக்கும் கொடுத்தார்கள், தெம்பு வந்தது. செடியைக் காட்டத் தயங்கினார்கள். வற்புறுத்திக் கேட்ட பிறகு காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்தில் இருந்த வெப்பமண்டலத் தாவர ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் ஒரு ஆயுர்வேத நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி, இரண்டிலும் பாதி காணிக்காரருக்கு. 1997-இல் அவர்களுக்கென ஒரு அறக்கட்டளை பதிவானது. மரபணு வளங்களின் பலனைப் பகிர்வது பற்றிய சர்வதேச நகோயா உடன்படிக்கை வருவதற்கு 13 ஆண்டுகள் முன்பே நடந்த பலன் பகிர்வு இது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டினார்கள், பாராட்டவும் வேண்டியதுதான்.

ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டு ஓட்டைகள். காணிக்காரரில் வைத்தியம் பார்க்கும் உரிமை உள்ளவர்களைப் பிளாத்தி என்பார்கள். சில பிளாத்திகள், தங்களைக் கேட்காமல் யாரோ இரண்டு மூன்று பேர் சொல்லிவிட்டார்கள் என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வழிகாட்டியாக வந்தவருக்குச் செடி தெரியும், அதைக் கைமாற்றும் அதிகாரம் அவருக்கு உண்டா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. இரண்டாவது ஓட்டை நிலம். செடி காட்டு நிழலில்தான் சரியாக வளர்கிறது, காடோ வனத்துறை கையில். காட்டுச் செடியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று வனத்துறை பயிரிடவும் பறிக்கவும் தடை போட்டது. மருந்தின் பெயர் ஊர் ஊராகப் பரவ, செடியின் இலையைப் பறித்து விற்கும் உரிமை அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு இல்லாமல் போயிற்று. ராயல்டி என்பது விற்பனையில் பங்கு. இலை வராமல் மருந்து ஏது, மருந்து இல்லாமல் விற்பனை ஏது? நிலத்தை விட்டுவிட்டு அறிவுக்கு மட்டும் விலை பேசினால் கணக்கு எங்கே உதைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒன்றை நான் பார்த்ததில்லை.

தென் ஆப்பிரிக்காவில் சான் மக்களின் ஹூடியா இன்னும் மோசம். வேட்டைக்குப் போகும்போது பசி தெரியாமல் இருக்க அவர்கள் மென்ற கள்ளிபோன்ற செடி அது. அரசு ஆய்வு நிறுவனம் அதன் சாரத்துக்குக் காப்புரிமை எடுத்து, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு உரிமமும் கொடுத்துவிட்டது, சான் மக்களுக்குத் தெரியாமலே. 2001-இல் விஷயம் வெளியே வந்து, 2003-இல் ஒப்பந்தம் போட்டார்கள். பெரிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகழுவிவிட்டன, எதிர்பார்த்த பெரும்பணம் வரவில்லை.

இதற்குத்தானே தரவுத்தளம் என்பீர்கள். மஞ்சளுக்கு அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமை 1997-இல் ரத்தானதும், பழைய நூல்களில் இருப்பதைக் காப்புரிமை அலுவலகங்கள் புரிந்துகொள்ளும் மொழிகளில் தொகுக்க இந்தியா 2001-இல் ஒரு எண்ம நூலகம் தொடங்கியதும் உண்மை. ஆயுர்வேதம், சித்தம், யுனானி போல ஏற்கெனவே ஏட்டில் உள்ள மருத்துவத்துக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஒரு மக்கள் கூட்டம் தங்களுக்குள் மட்டும் வைத்திருக்கும் அறிவுக்கு அதே மருந்தைக் கொடுத்தால் வேறுவிதமாகப் போகும். காப்புரிமைச் சட்டத்தின் கண்ணில், வெளியே வந்த விஷயம் 'ஏற்கெனவே தெரிந்தது'. அதை அப்படியே யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, அது லாபம். யார் வேண்டுமானாலும் எடுத்து விற்கலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, இது நஷ்டம். பூட்டைத் திருடிவிடக் கூடாதே என்று கதவையே கழற்றி வைத்த மாதிரி. கொஞ்சம் மாற்றிச் செய்த சாரத்துக்குப் புதிதாகக் காப்புரிமை கேட்கவும் வழி இருக்கிறது. 2024 மே மாதம் உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தில் ஒரு ஒப்பந்தம் நிறைவேறியது. மரபணு வளத்தையோ அதைச் சார்ந்த மரபறிவையோ அடிப்படையாகக் கொண்டு காப்புரிமை கேட்பவர், அது எங்கிருந்து, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும் என்கிறது. நல்லதுதான். சொன்னால் போதும் என்கிறதே தவிர, அவர்கள் சம்மதித்தார்களா என்று அது கேட்பதில்லை.

அந்தச் சம்மதம்தான் எல்லாவற்றுக்கும் நடு. 2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபையில் பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம் 144 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவை நான்கே: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. நான்குமே பின்னால் நிலையை மாற்றிக்கொண்டன. முன்கூட்டியே, விவரம் தெரிந்து, வற்புறுத்தல் இன்றித் தரும் சம்மதம் என்பது அதன் உயிர்நாடி. காகிதத்தில் சுலபமாக இருக்கும். நடைமுறையில் 'சம்மதம்' என்றால் வேண்டாம் என்று சொல்லவும், சொன்னால் எதிராளி நிற்கவும் வேண்டும். ஒடிசாவின் நியம்கிரி மலையில் அது நடந்தது. பாக்சைட் சுரங்கத்துக்கு 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின. தோங்கிரியா கோண்டுகளும் அக்கம்பக்கத்தவரும் எழுந்து, இந்த மலை எங்கள் நியம ராஜா இருக்கும் இடம் என்றார்கள். 12-உம் மறுத்தன, சுரங்கம் வரவில்லை. கென்யாவில் ஓகியெக் மக்களுக்கு இதே அளவு தெளிவான வெற்றி 2017-இல் ஆப்பிரிக்க நீதிமன்றத்தில் கிடைத்தது, 2022-இல் இழப்பீடும் உத்தரவானது. ஆனாலும் 2023 நவம்பரில் அவர்களை, அவர்கள் வாழ்ந்துவந்த மாவ் காட்டிலிருந்து வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள்.

பழங்குடி மக்களைக் காட்டுத் தெய்வங்களாக்கும் எழுத்து எனக்குப் பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கேயும் மரம் விற்பவர் உண்டு, பணம் வாங்கிக் கையெழுத்துப் போட்ட தலைவர் உண்டு, பெண்களைப் பேசவிடாத சபை உண்டு. தவறு செய்யாதவர்களுக்குத்தான் நிலம் என்று சட்டம் வைத்தால், உலகத்தில் யாருக்கும் நிலம் மிஞ்சாது.

அப்படியானால் பதிவே வேண்டாமா? வேண்டும். யார் பையில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான ஒரு காப்பக மென்பொருள் இருக்கிறது. அவர்கள் அதற்கு வைத்த பெயர் முக்குர்ட்டு. பெரியவர்கள் புனிதப் பொருட்களைப் போட்டு வைத்திருக்கும் பை அது. உள்ளே என்ன என்று பார்க்க வேண்டுமானால் அவர்களிடம் கேட்க வேண்டும். மென்பொருளும் அப்படியே: இந்தப் படம் பெண்களுக்கு மட்டும், இந்தப் பாட்டு இந்தக் குலத்துக்கு மட்டும், இறந்தவர் முகம் வரும் பதிவுக்கு முன்னால் எச்சரிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் அவர்களே வழி வைக்க முடியும். இதற்கு முன்னோடியாக 1976-இலேயே ஒரு வழக்கு இருக்கிறது. மத்திய ஆஸ்திரேலியாவின் பிட்ஜன்ஜட்ஜரா மக்கள் தங்கள் ஆண்களின் ரகசியச் சடங்குகளைப் பற்றி 1940-இல் நம்பிச் சொன்னதை ஒரு மானிடவியலாளர் நூலாக அச்சிட்டபோது, அந்த மக்கள் நீதிமன்றம் போய் அந்த நூலின் விற்பனைக்குத் தங்கள் பகுதியில் தடை வாங்கினார்கள்.

நீங்களே பதிவு செய்யப் போகிறீர்கள் என்று உங்கள் கேள்வியிலிருந்து தோன்றுகிறது. சான் மக்கள் 2017-இல் ஆய்வாளர்களுக்கென ஒரு நெறிமுறை வெளியிட்டார்கள், கிளம்புமுன் அதைப் படித்துவிடுங்கள். திரும்பி வந்து முடிவைச் சொல்லாத ஆய்வாளர் பற்றிய அவர்கள் கோபம் அதில் நன்றாகவே தெரியும். முதல் தடவை போகும்போது ஒலிப்பதிவுக் கருவி இல்லாமல் போங்கள். இதைச் சொல்ல உரிமை யாருக்கு, பிரதி யாரிடம் இருக்கும், பின்னால் மனம் மாறினால் அழிக்க முடியுமா என்ற மூன்றையும் பேசி முடித்துவிட்டு, அப்புறம் கருவியை எடுத்துப் போங்கள். முதல் கேள்விக்கே பதில் வர இரண்டு மூன்று பயணம் ஆகலாம்.